வரியைத் தணித்த மன்றோ துரை

தகடூர் என்னும் பழம்பெயருடைய நமது தருமபுரியை நினைக்குந்தோறும், அதியமான் நெடுமான் அஞ்சியும் அவன்பால் நெல்லிக்கனி பெற்ற ஔவையாருமே நம் உள்ளத்தில் முன்வந்து நிற்பர். அது தக்கதே. ஆயினும், இவ்வூரில் வாழ்ந்து, இம்மண்ணின் குடிகளிடம் பாடங் கற்று, அப்பாடத்தைச் சென்னை மாகாணம் முழுமைக்கும் பயன்படுத்திய வேறொருவரும் உளர். அவரே ஸர் தாமஸ் மன்றோ துரை ஆவர்.

நம் சங்கத்து அன்பருட் பெரும்பாலார் உழுதுண்டு வாழ்ந்த குடிகளிற் பிறந்தோர். நம் வீட்டுப் பெட்டிகளிற் பட்டாக்களைப் பேணி வைத்திருக்கின்றோம். அப்பட்டாவில் ஜமீன்தார் பெயரன்றி நம் பாட்டன் பூட்டன் பெயர் எழுதப்பட்ட வழக்கம் எவ்வாறு வந்தது? ஒரு நாட்டில் வரி மிகுந்தால் விளைவு பெருகுமா, சுருங்குமா? இவ்விரு வினாக்களுக்கும் விடை தருவது இவர் வரலாறே என்று கருதி, அதனை ஈண்டுச் சுருக்கி எழுதப் புகுந்தோம்.

பிறப்பும் இளமையும்

மன்றோ 1761-ஆம் ஆண்டு மே மாதம் 27-ஆம் நாள் ஸ்காத்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரிற் பிறந்தார். தந்தையார் அலெக்ஸாந்தர் மன்றோ, அமெரிக்காவின் வர்ஜீனியாவோடு புகையிலை வாணிகஞ் செய்த செல்வர். மைந்தர் அந்நகரப் பல்கலைக் கழகத்திற் பயின்றார். பொருளியலின் தந்தை எனப் போற்றப்படும் ஆதம் ஸ்மித் 1764 வரையில் ஆசிரியராய் இருந்ததும் அப்பல்கலைக் கழகமே. இளமையிற் கண்ட நோயால் மன்றோவுக்குச் செவிப்புலன் சிறிது மந்தமாயிற்று. அக்குறை இறுதிவரை நீங்கவில்லை. ஆயினும் கற்கும் ஆர்வம் குறையவில்லை. டான் குவிக்ஸோட் என்னுங் கதையை மூலமொழியிற் படித்தல் வேண்டி, ஸ்பானிய மொழியைத் தாமே முயன்று கற்றார் என்பர்.

இந்நிலையில், அமெரிக்கக் குடியேற்ற நாட்டினர் இங்கிலாந்தை எதிர்த்துக் கிளர்ந்தனர். அக்கிளர்ச்சிக்கு முதற்காரணங்களுள் ஒன்று, தம் இசைவின்றித் தம்மேல் விதிக்கப்பட்ட வரியே. போர் மூண்டது, புகையிலை வாணிகம் முறிந்தது, மன்றோ குடும்பம் வறுமையுற்றது. வணிகர் கணக்குச் சாலையில் அமர்ந்திருந்த இளைஞர், கிழக்கிந்தியக் கம்பெனியின் காலாட்படையிற் சேர்ந்து, 1780-ஆம் ஆண்டு சனவரியிற் சென்னைக் கரையில் இறங்கினார். தவறான வரி ஒன்று தம் தந்தையின் செல்வத்தை எவ்வாறு அழித்தது என்பதை இளமையிலேயே கண்டவர் இவர்.

முதற் பன்னீராண்டுகள் படைவாழ்க்கையிற் கழிந்தன. ஹைதர் அலியோடும், அவர் மைந்தர் திப்பு சுல்தானோடும் கம்பெனியார் செய்த போர்களில் இவர் பங்குகொண்டார். ஊதியம் சிறிது, துன்பம் பெரிது. தலையணைக்கு வழியின்றிப் புத்தகத்தையோ தோட்டாப் பையையோ தலைக்கு வைத்து உறங்கிய நாள்களைத் தம் சகோதரியார்க்கு எழுதிய கடிதத்தில் நகைச்சுவையோடு குறித்திருக்கின்றார். ஏனையோர் வீண்பொழுது போக்கிய காலத்தில் இவர் பாரசீகமும் இந்துஸ்தானியுங் கற்றார். அக்கல்வியே பின்னர் இவரை உயர்த்தியது.

பாராமகால் வருகை

1792-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் சீரங்கபட்டணத்து உடன்படிக்கையால், திப்பு சுல்தான் பாராமகால், சேலம் முதலிய நாடுகளைக் கம்பெனியார்க்கு விட்டுக்கொடுத்தார். இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பெரும்பகுதி அப்பாராமகாலில் அடங்கியது. புதிதாய்ப் பெற்ற இந்நாட்டை ஆள, நாட்டுமொழி யறிந்த சிவில் உத்தியோகஸ்தர் சென்னையில் அரியராயினர். ஆதலின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிரபு, படைத்தலைவராகிய அலெக்ஸாந்தர் ரீட் என்பாரை இந்நாட்டுக்குத் தலைமை அதிகாரியாக்கி, மன்றோ, கிரகாம், மக்ளவுட் என்னும் மூவரையும் துணைவராக அனுப்பினார். மன்றோ தருமபுரிப் பகுதியை ஏற்றார். 1799 வரை ஏழாண்டுகள் இந்நாட்டில் அவர் வாழ்க்கை நிகழ்ந்தது.

தருமபுரியில் அவர் வீடு ஒன்று அமைத்து, அதனைச் சூழத் தோட்டம் ஒன்று வளர்த்தார். அத்தோட்டத்தின்பால் அவர் கொண்ட அன்பு பெரிது. பிற்காலத்தில் உயர்ந்த பதவிகளில் இருந்தபோதும் அதனை அவர் மறந்தாரல்லர். ஆயினும் வீட்டில் அமர்ந்து ஆண்டவர் அல்லர் அவர். கூடாரத்தோடு ஊர் ஊராய்ச் சென்று, குடிகளை நேரிற் கண்டு, விளைந்ததும் விளையாததும், மாடு இறந்ததும், கிணறு வற்றியதுமாகிய குறைகளை நாள் முழுதுங் கேட்பார்.

அதுகாறும் இந்நாட்டில் நிலவிய வழக்கம், ஓர் ஊரையோ பல ஊர்களையோ ஒருவரிடம் குத்தகைக்கு விட்டு, அவர் வாயிலாய் வரி தண்டுவதே. குத்தகைக்காரர் அரசுக்குத் தருவது ஒன்று. குடியிடம் வாங்குவது மற்றொன்று. ஒருவன் பாடுபட்டு நிலத்தைத் திருத்தினால் அடுத்த ஆண்டே அவன்மேல் தீர்வை ஏறும். ஆதலின் நிலத்தைத் திருத்துவோர் அரியராயினர். ரீட் துரையும் துணைவரும் நிலத்தை வயல் வயலாய் அளந்து, தரம் பிரித்து, ஒவ்வொரு வயலுக்கும் தீர்வை குறித்து, பயிரிடுவோனிடமே நேரில் தொகை வாங்கும் முறையைத் தொடங்கினர். 1796-ஆம் ஆண்டு திசம்பர் 10-ஆம் நாள் ரீட் வெளியிட்ட விளம்பரத்தால், ஒரு குடி தான் வேண்டும் நிலத்தை ஏற்கவும் வேண்டாததை விடவும் உரிமை பெற்றான். இரயத்துவாரி எனப் பின்னர்ப் புகழ்பெற்ற முறையின் தொட்டில் இப்பாராமகாலே.

தீர்வையின் சுமை

முறை நன்று, ஆயின் அளவையாற் குறித்த தீர்வையோ கனமாயிருந்தது. நிலம் விலைபோகும் அளவிற்குத் தீர்வை தணிந்திருத்தல் வேண்டும் என்னுங் கருத்து மன்றோவின் உள்ளத்தில் வேரூன்றியது இந்நாட்டிலேயே. இதனை நம்மனோர் எளிதில் உணருமாறு, யாமே அமைத்த ஒரு கணக்கால் விளக்குவோம்.

ஒரு குடியிடம் இரண்டு வயல்கள் உள எனக் கொள்க. நல்ல வயலில் 100 வள்ளங் கேழ்வரகு விளையும். விதை, எரு, மாடு, குடும்பத்தின் உணவு ஆகியவற்றுக்கு 50 வள்ளம் வேண்டும். இளைத்த வயலில் 80 வள்ளம் விளையும். செலவு 45 வள்ளம். அரசு விளைவில் நூற்றுக்கு 45 கொள்ளுமாயின், நல்ல வயலில் குடிக்கு எஞ்சுவது 5 வள்ளமே. இளைத்த வயலுக்கோ வரி 36. செலவையும் வரியையும் கூட்டினால் 81. ஆகவே ஒரு வள்ளம் நட்டம். அதனை அவன் உழான். அது தரிசாய்க் கிடக்கும். அரசுக்குக் கிடைப்பது 45 வள்ளமே.

இனி, அரசு மூன்றில் ஒரு பங்கே கொள்ளும் எனக் கொள்க. நல்ல வயலில் வரி ஏறத்தாழ 33. குடிக்கு எஞ்சுவது 17. இளைத்த வயலில் வரி ஏறத்தாழ 27. அங்கும் குடிக்கு 8 எஞ்சும். அவன் இரண்டையும் உழுவான். அரசுக்குக் கிடைப்பது 60 வள்ளம். வீதம் குறைந்தது, வருவாய் மிகுந்தது. இதனினுஞ் சிறந்த பயன் வேறொன்றுண்டு. எஞ்சுவது ஏதுமில்லாத நிலத்தை ஒருவரும் விலைக்கு வாங்கார். அதன்மேல் கடனுங் கொடார். எஞ்சுவது உண்டாயினோ நிலத்திற்கு விலை பிறக்கும். அவ்விலையை ஈடாக வைத்துக் கிணறு வெட்டலாம், மாடு வாங்கலாம்.

விளைநிலத்தில் யானை தானே புகுந்து மேய்ந்தால், அது தின்பதினும் மிதித்து அழிப்பதே மிகும் என்று பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் அறிவுறுத்திய பொருளை, புறநானூறு கற்ற நாம் நன்கறிவோம். அப்பாடலை அறியாத ஓர் அயல்நாட்டார், நம் நாட்டுக் குடிகளின் கணக்கைப் பார்த்தே அப்பொருளை உணர்ந்தார் என்பது வியக்கத்தக்கது.

தத்த மண்டலத்தில்

1799-இல் சீரங்கபட்டணம் வீழ்ந்தபின், மன்றோ கன்னடக் கடற்கரை நாட்டிற்குக் கலெக்டராய் அனுப்பப்பட்டார். 1800-இல் ஐதராபாத்து நிஜாம் கம்பெனியார்க்குத் தத்தஞ் செய்த பெல்லாரி, கடப்பை, அனந்தபுரம் முதலிய பகுதிகளடங்கிய மண்டலம் அவ்வாண்டிறுதியில் அவரிடம் ஒப்பிக்கப்பட்டது. பாளையக்காரர் பூசல்களாலும் பஞ்சத்தாலும் நலிந்திருந்த அந்நாட்டில் 1807 வரை அவர் உழைத்தார், பூசலை அடக்கினார், நிலங்களை அளப்பித்தார். ஏழாண்டில் அரசு வருவாய் ஏறத்தாழ ஒன்றரை மடங்காயிற்று.

வேறொருவராயின் அவ்வளவில் மகிழ்ந்து அடங்கியிருப்பர். மன்றோவோ 1807-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் மேலதிகாரிகட்கு ஓர் அறிக்கை விடுத்தார். தாம் குறித்த தீர்வை விளைவில் நூற்றுக்கு 45 அளவினதாய் இருக்கின்றதென்றும், அது மூன்றில் ஒன்றாகத் தணிந்தாலன்றி நிலம் குடிகளின் உண்மைச் சொத்தாகாதென்றும் அதில் விளக்கினார். எல்லா நிலங்கட்கும் தீர்வையில் நூற்றுக்கு 25 குறைத்தல் வேண்டும். கிணற்று நீராலும் ஏற்ற நீராலும் விளையும் தோட்டக்காலுக்கு இன்னும் 8 கூட்டி, 33 குறைத்தல் வேண்டும் என்பன அவர் வேண்டுகோள்கள். தோட்டக்காலுக்குத் தனிச் சலுகை ஏன்? கிணறு குடியின் முதலாலும் வியர்வையாலும் உண்டாயது. அதன்மேல் மிகுந்த வரி விதிப்பது முயற்சிக்குத் தண்டம் விதிப்பதேயாகும்.

முதற் சில ஆண்டுகளில் அரசுக்கு இழப்பு நேரும் என்பதையும் அவர் மறைத்தாரல்லர். தரிசு நிலங்கள் சாகுபடிக்கு வந்தபின் அவ்விழப்பு மெல்ல ஈடாகும் என்பது அவர் துணிபு.

பணமுடை மிகுந்திருந்த அரசினர் அதனை ஏற்றிலர். மன்றோ தாய்நாடு சென்றபின், அம்மண்டலத்து ஊர்களை முதலில் மூன்றாண்டுக் குத்தகைக்கும், பின்னர்ப் பத்தாண்டுக் குத்தகைக்கும் விட்டனர். போட்டியால் உயர்ந்த தொகைக்குக் குத்தகை எடுத்தவர் பலர் நொடித்தனர், குடிகளும் நலிந்தனர். நம் சேலம் பாராமகால் நாட்டிலும் 1802 முதலாக நிலங்கள் மிட்டாக்களாய் வகுக்கப்பட்டு ஏலத்தில் விடப்பட்டன. கனத்த பேஷ்குஷ்டைச் செலுத்த மாட்டாத மிட்டாதார் பலருடைய மிட்டாக்கள் மீண்டும் அரசின் கையிற் சேர்ந்தன. ஏலத்தில் உயர்ந்த தொகை எழுத்தில் உயர்ந்ததேயன்றிக் கருவூலத்தில் உயர்ந்ததன்று.

கவர்னர் பதவி

இங்கிலாந்தில் மன்றோவின் சொல்லுக்கு மதிப்புப் பெருகியது. 1813-இல் பார்லிமெண்டுச் சபையார் முன் இந்திய நிலைமைகளைக் குறித்துச் சான்று கூறினார். 1814-இல் ஜேன் காம்பெல் அம்மையாரை மணந்து, அவ்வாண்டே நீதித்துறைச் சீர்திருத்தக் குழுவின் தலைவராய்ச் சென்னைக்கு மீண்டார். ஊர் முன்சீபுகளும் பஞ்சாயத்துக்களும் வழக்குத் தீர்க்கும் அதிகாரம் பெற்ற 1816-ஆம் ஆண்டுச் சட்டங்கள் அக்குழுவின் பயனே. 1820-இல் சென்னை மாகாணக் கவர்னராய் அமர்ந்தார்.

பதின்மூன்று ஆண்டுகட்கு முன் கலெக்டராய் இருந்து கேட்டுப் பெறாததை, இப்பொழுது கவர்னராய் இருந்து தாமே கொடுத்தார். தத்த மண்டலத்தில் நன்செய் புன்செய்களுக்கு நூற்றுக்கு 25-உம், தோட்டக்காலுக்கு 33-உம் தீர்வை குறைக்கப்பட்டன. இரயத்துவாரி முறை மாகாணத்தின் பொதுமுறையாயிற்று. 1822-இல் மாகாணத்துப் பள்ளிகளின் தொகையைக் கணக்கெடுக்கவும் அவர் உத்தரவிட்டார். ஆசிரியத் தொழில் செய்யும் எம்மனோர் அதனை நன்றியோடு நினைத்தற்குரியர்.

1827-இல், பதவி நீங்கித் தாய்நாடு செல்லுமுன், தாம் நெடுநாள் ஆண்ட தத்த மண்டலத்துக் குடிகளை ஒருமுறை கண்டு விடைபெற விரும்பிப் புறப்பட்டார். வழியில் வாந்திபேதி நோய் கண்டு, சூலை மாதம் 6-ஆம் நாள் பத்திகொண்டா என்னும் ஊரில் உயிர்நீத்தார். குத்தி என்னும் ஊரில் அடக்கஞ் செய்யப்பெற்ற அவர் உடல், 1831-இல் சென்னைக் கோட்டையிலுள்ள மரியன்னை தேவாலயத்திற்குக் கொணரப்பட்டது. அந்நாட்டுக் குடிகள் தம் பிள்ளைகட்கு அவர் பெயரை இட்டு வழங்கினர். 1839-இல் சென்னைத் தீவுத்திடலில் நாட்டப்பெற்ற, சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரைமேல் அவர் அமர்ந்துள்ள உருவம், இன்றும் காண்போர் கண்ணைக் கவர்கின்றது.

குறையும் நிறையும்

ஒருவரைப் புகழுங்கால் குறையை மறைத்தல் நேர்மையன்று. மன்றோ அயல்நாட்டு வாணிகக் கூட்டத்தாரின் ஊழியர். அவர் தண்டிய பொருளிற் பெரும்பங்கு படைச்செலவுக்கே சென்றது. கனமென்று தாமே கூறிய தீர்வையை, குறைக்கும் அதிகாரம் கிட்டும்வரை ஒரு காசும் விடாது தண்டியவரும் அவரே. பட்டா பெற்றோர் வாழ்ந்தனர். பட்டா இல்லாப் பண்ணையாள்களுக்கு அம்முறை ஒன்றுந் தரவில்லை. அவர்க்குப் பின் வந்தோர் முறையின் பெயரைக் காத்து, அதன் உயிராகிய தணிந்த தீர்வையை மறந்தனர். தீர்வையோ காசில் குறிக்கப்பட்டது. தானிய விலை பல்லாண்டு வீழ்ந்தே கிடந்தது. எனவே, ஏட்டில் ஏறாத தீர்வை குடியின் தலையில் ஏறிற்று. வரி தண்டுவதற்காகக் குடிகளை வதைத்த கொடுமைகளை, சென்னையில் அமைந்த விசாரணைக் குழுவே 1855-இல் வெளிப்படுத்தியது. அவ்வாண்டுகளை ஒட்டி மாகாணத்தின் பல பகுதிகளில் தீர்வை குறைக்கப்பட்டது, விலையும் ஏறிற்று, சாகுபடி நிலமும் விரிந்தது.

பிறநாட்டிலும் இவ்வுண்மை காணப்படும். 1784-இல் இங்கிலாந்து அரசினர் தேயிலைமேல் நூற்றுக்கு 119 அளவாய் இருந்த சுங்கத்தைப் பன்னிரண்டரையாகக் குறைத்தனர். கள்ளக் கடத்தல் ஒழிந்து, நேர்வழி வாணிகம் பன்மடங்கு பெருகியது. நம் நாட்டிலும் 1973-ஆம் ஆண்டை ஒட்டி, மிக உயர்ந்த வருமானத்தின் மேற்படிக்கு வரி நூற்றுக்கு 97-க்கு மேல் இருந்தது. கணக்கை மறைப்பதற்கு அஃது இடமாயிற்றென்று கண்டு பின்னர்ப் படிப்படியாய்க் குறைத்தனர்.

ஆயின், வரியைக் குறைத்தால் எங்கும் எப்பொழுதும் வளம் பெருகும் என்று கொள்ளுதல் பிழை. முன் கூறிய கணக்கில் தரிசாய்க் கிடந்த வயல் ஒன்று இருந்தமையாலன்றோ அரசின் வருவாய் மிகுந்தது? அவ்வயல் இல்லையேல், 45 என்பது 33 ஆகும், அவ்வளவே. வரி மிகக் கனத்திருக்கும்போது குறைத்தல் பயன் தரும். முன்னமே தணிந்திருப்பின், குறைத்தது இழப்பாகவே நின்றுவிடும். அஃதன்றியும், வாங்கிய வரி எதற்குச் செலவாகின்றது என்பதும் நோக்கத்தக்கது. 1836-இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் எழுப்பிய அணையைப் போல, வரி நீராய் மீண்டுவரின் குடிகள் அதனை வருத்தமின்றிக் கொடுப்பர்.

முடிவுரை

நம் நாளில் நிலத்தீர்வை மிகச் சிறிய தொகையே. 2017-ஆம் ஆண்டு சூலை முதல் நாள் தொடங்கிய சரக்கு சேவை வரியே, கடைக்குச் செல்லும் ஒவ்வொருவரையும் தொடுகின்றது. எனினும் மன்றோ கற்ற பாடம் பழையதாகவில்லை. நம் சங்கத்து அன்பருள் ஊராட்சிகளில் அமர்ந்து வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும் குறிப்போர் உளர்; கூட்டுறவுச் சங்கங்களில் வட்டி வீதம் குறிப்போரும் உளர். வீதத்தை எழுதுமுன், அதனைக் கொடுக்கவேண்டியவன் கையில் கொடுத்தபின் என்ன எஞ்சும் என்று ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்க. எஞ்சுவதிலிருந்தே அடுத்த ஆண்டின் விதையும், கிணறும், பிள்ளையின் படிப்பும் வரவேண்டும்.

தருமபுரியில் தோட்டம் வளர்த்தவர்க்கு இஃது எளிதில் விளங்கியிருத்தல் வேண்டும். செடியின் இலையைப் பறிக்கலாம். வேர் அசையப் பறித்தல் ஆகாது. அன்பர்கள் தத்தம் வீட்டுப் பழம்பட்டாக்களை எடுத்து, தம் முன்னோர் எந்த வயலுக்கு எவ்வளவு கட்டினர், எக்கிணற்றை எப்பொழுது வெட்டினர் என்பவற்றைப் பிள்ளைகட்கு எடுத்துரைப்பாராக.